அவ்வை யாருடைய பெயர்?

உயிரெழுத்து அட்டையில் பன்னிரண்டு கட்டங்கள். அணில், ஆடு, இலை, ஈ என்று விலங்கும் செடியும் பொருளுமாகப் போகிற வரிசையில் கடைசிக் கட்டத்துக்கு வந்தால், நரைத்த தலையும் கையில் கோலுமாக ஒரு கிழவி நிற்பார். ஔ, ஔவையார். மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தா, ரிங்லெட் தமிழ்ப்பள்ளிகள் ஆனாலும் சரி, தேயிலைக்கு நடுவே இருக்கிற போ தோட்டப் பள்ளி ஆனாலும் சரி, தமிழ் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குப் பெயரோடு அறிமுகமாகும் முதல் புலவர் அவர்தான். முதலாம் ஆண்டிலேயே ஆத்திசூடி வந்துவிடுகிறது. அதன் பிறகு கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்று ஆரம்பப் பள்ளிக் காலம் முழுக்க அந்தக் கிழவி கூடவே வருகிறார்.

அட்டையில் இருக்கும் அந்த முகம் யாருடையது என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், ஆசிரியரிடம் நேரான பதில் இருக்காது. முகம் ஓவியர் போட்டது. பெயரும் பெற்றவர்கள் வைத்ததல்ல.

அவ்வை என்பது உறவுச்சொல். தாய், மூத்த பெண், தவப்பெண் என்று நிகண்டுகளும் அகராதிகளும் பொருள் தருகின்றன. கன்னடத்தில் அவ்வ என்றால் இன்றைக்கும் அம்மா. தெலுங்கில் அவ்வா என்றால் பாட்டி. தமிழ்நாட்டில் தெலுங்கு பேசும் வீடுகளில் பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதை நாள்தோறும் கேட்கலாம். நீலகிரித் தேயிலை மலையில் படகர் வீட்டுக்குப் போனால் அவ்வெ என்றால் தாய். மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழரோடு தெலுங்கரும் கப்பலேறி வந்தார்கள். ஆகவே அந்தச் சொல் இந்த நாட்டு லயங்களிலும் புழங்கிய சொல்தான். அதோடு மரியாதைக்கு ஓர் ‘ஆர்’ சேர்த்தால் அவ்வையார். பாட்டியார், அம்மையார் என்பது போல.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அகரத்தோடு உகரமோ வகரமோ சேர்ந்தால் ஔ போல ஒலிக்கும் என்று நன்னூல் இடம் கொடுத்திருப்பதால், அவ்வை என்றும் ஔவை என்றும் எழுதலாம், இரண்டும் ஒன்றே. ஆனால் கணினியிலும் கைப்பேசியிலும் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டி ‘ஒளவை’ என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடுபொறிக்கு அது ஒ-ள-வை என்ற வேறொரு சொல். இரண்டாயிரம் ஆண்டுப் பெயர் ஒன்று இப்படி எழுத்துப் பிழையால் இரண்டாகிக் கிடப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. நான் இங்கே அவ்வை என்றே எழுதுகிறேன். உறவுச்சொல்லின் ஓசை அதில்தான் தெளிவாகக் கேட்கிறது.

தோட்டத்தில் அவ்வைக்குப் பக்கத்து வீட்டுச் சொல் ஒன்று உண்டு: ஆயா. தாய்மார் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பிறகு கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்துக்கு ஆயாக் கொட்டகை என்று பெயர். வெளிக்காட்டு வேலைக்குப் போக முடியாத வயதில் இருந்த ஒரு பெண் அங்கே ஏணைகளை ஆட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பெண்ணுக்குச் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. போர்த்துக்கீசிய மொழியில் செவிலியைக் குறிக்கும் ‘ஆயா’ ஆங்கிலேயர் வீடுகள் வழியாக நமக்கு வந்தது. அதன் வேர் பாட்டியைக் குறிக்கும் ‘அவியா’ என்ற லத்தீன் சொல் என்பர். அவியாவும் அவ்வையும் ஒரே மாதிரி ஒலிப்பதால் உறவு கற்பித்துவிடக் கூடாது. தாயையும் பாட்டியையும் கூப்பிடக் குழந்தையின் வாய்க்கு எளிதான ஓசைகள் உலகெங்கும் ஒன்றுபோல அமைந்துவிடுவது உண்டு. நமக்குத் தாய், பாட்டி என்ற பொருளில் ஆய், ஆயா என்று சொந்தச் சொற்களும் இருந்தன. வந்த சொல்லும் இருந்த சொல்லும் கலந்துவிட்டன. நான் கவனிப்பது வேறு. ஒரு பெண் ஊருக்கெல்லாம் பொதுவானவள் ஆகும்போது அவளுடைய சொந்தப் பெயர் கழன்று உறவுப்பெயர் மேலே ஏறிக்கொள்கிறது. ஆயாவுக்கு நடந்தது அவ்வைக்கும் நடந்தது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள், பெயர் தெரியாத புலவருக்கு அவருடைய பாட்டிலேயே இருந்த அழகான தொடரை எடுத்துச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். பெண்களில் வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று ஊரும் தொழிலும் பாட்டும் கலந்து பெயர்கள் நிற்கின்றன. அவ்வைக்கு மட்டும் இவை எதுவும் இல்லை. ஐம்பத்தொன்பது பாடல்கள் அந்த ஒரு சொல்லின் கீழ் இருக்கின்றன: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்கப் பெண்பாற் புலவர்களில் இவ்வளவு பாடல் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

அந்தப் பாடல்களில் வருகிற அவ்வை அட்டைப்படத்துக் கிழவி அல்லர். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து, நெய் பூசிப் பளபளக்கும் வேல்களைப் பெருமையோடு காட்டுகிறான். அவ்வை அவற்றைப் புகழ்வது போலத் தொடங்கி, எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடிக்கிறார். அரசவையில் எதிரியின் முகத்துக்கு நேரே இப்படிப் பேசத் தெரிந்தவர். அதியமானோடு கள் அருந்தியவர். அவன் இறந்தபோது, கிடைத்த கொஞ்சம் கள்ளையும் தமக்கே தந்துவிடுவானே என்று நினைத்து அழுதவர். இன்னொரு புறப்பாட்டில் பகை மன்னன் ஒருவன் கேள்வி கேட்கிறான். கேட்கப்படுகிறவளை அணிகலன் பூண்டவள், மையிட்ட கண்ணினள், ஒளி பொருந்திய நெற்றியினள் என்று சொல்லி ‘விறலி’ என்றே விளிக்கிறான்.

விறலி என்றால் ஆடியும் பாடியும் உள்ளக் குறிப்பை உடலில் காட்டியும் நிகழ்த்துபவள். அவ்வை விறலி மரபில் வந்தவர் என்று சிலர் கொள்வர். விறலியின் குரலை எடுத்துக்கொண்டு பாடினார் என்று சிலர் கொள்வர். எனக்கு இரண்டாவதும் முதலாவதைப் போலவே சுவையானது. புலவர் ஒருவர் இன்னொரு பெண்ணாகி நின்று பகை மன்னனோடு பேசுகிறார் என்றால், அவ்வையின் முதல் வேடத்தை அவ்வையே போட்டிருக்கிறார். அந்த வேடம் இளம்பெண்ணின் வேடம்.

பிறகு பல நூற்றாண்டுகள். கம்பர், ஒட்டக்கூத்தர் காலத்தோடு இணைத்துச் சொல்லப்படும் ஓர் அவ்வை ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் தருகிறார். விநாயகர் அகவல் பாடிய அவ்வை யோக நெறி பேசுகிறார். தனிப்பாடல்களில் ஓர் அவ்வை கூழுக்கும் உப்புக்கும் பாடுகிறார். நாவல் மரத்தடியில் முருகனிடம் ஓர் அவ்வை தோற்றுப்போகிறார். இவர்கள் ஒருவர் அல்லர் என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயமில்லை. எத்தனை பேர் என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆனால் மக்கள் மனத்தில் இவர்கள் என்றைக்கும் ஒருவரே. புகழ் ஆளைச் சேராமல் பெயரைச் சேர்ந்தது. பாடத் தெரிந்து, அறிவு சொல்லத் துணிந்து, ஊர் ஊராகத் தனியே நடந்த பெண்ணுக்குத் தமிழ்ச் சமூகம் ஆயத்தமாக வைத்திருந்த வேடம் அவ்வை. அதை ஏற்றுக்கொண்டவளின் சொந்தப் பெயர் மறைந்தது. அவள் சொன்னது மட்டும் நின்றது.

அந்த வேடத்துக்கு ஒரு விலையும் இருந்தது. திருமண வயதில் பெண் கேட்டு வந்தவர்களிடமிருந்து தப்ப, பிள்ளையாரை வேண்டி அவ்வை இளமையை உதிர்த்து அந்தக் கணமே கிழவி ஆனாள் என்கிறது கதை. பக்திக் கதையாகத்தான் இதைச் சொல்லிவருகிறோம். எனக்கு அதில் ஒரு சமூகத்தின் ஒப்புதல் வாக்குமூலம் கேட்கிறது: இளம்பெண் ஒருத்தி தனியே நடக்கவும் அரசனைக் கண்டிக்கவும் நாங்கள் விடமாட்டோம், கிழவியானால் விடுவோம். காரைக்கால் அம்மையார் கதையும் இதையே இன்னும் கடுமையாகச் சொல்கிறது. கணவன் விலகிப் போனதும் அழகைச் சுமந்த உடலை உதறிப் பேய் உருவம் வேண்டிப் பெற்றார் புனிதவதி. அந்தப் பெயரும் பின்னுக்குப் போய் ‘அம்மை’ முன்னுக்கு வந்தது. கன்னட நாட்டில் ஆடையையே துறந்து நடந்த மகாதேவிக்கு ‘அக்கா’. நம் காலத்திலும் திரையில் ஆடிப் பாடி நட்சத்திரமான ஜெயலலிதா, அரசியலில் நிலைபெறும்போது ‘அம்மா’ ஆனார். பெயரைச் சொல்வதே மரியாதைக் குறைவு என்னும் அளவுக்கு அந்த உறவுச்சொல் அவர்மேல் படிந்தது. 2013இல் திறந்த மலிவு விலை உணவகத்துக்கும் அதுவே பெயர்.

அவ்வையின் பெயரை, இளமை துறந்த அந்தக் கதையின் கருத்தறிந்து வைத்தவராக நான் மதிப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை. 1930களின் தொடக்கத்தில், தேவதாசி முறையிலிருந்து தப்பிவந்த சிறுமிகளுக்குச் சென்னையில் அவர் தொடங்கிய புகலிடத்தின் பெயர் அவ்வை இல்லம். ஆடிப் பாடும் குலத்தில் பிறந்ததால் விரும்பாத வாழ்வுக்குள் தள்ளப்பட இருந்த பெண்கள் அவர்கள். அவர்களுக்கு நேற்றுவரை இருந்த வழி, கதையில் வரும் அவ்வையைப் போலத் தம் இளமையையே துறப்பது. முத்துலட்சுமி அவ்வையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, இளமையை அந்தப் பெண்களிடமே விட்டுவைத்தார். பள்ளிக்கு அனுப்பினார். இந்தப் பெயரின் வரலாற்றில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் காணவில்லை.

இனி மேடைக்கு வருவோம். தமிழ் நாடகக் கம்பெனிகளில் ‘பார்ட்’ என்ற ஆங்கிலச் சொல் உள்ளே நுழைந்து பல குட்டிகள் போட்டது. ராஜபார்ட், கள்ளபார்ட், ஸ்திரீபார்ட். சமஸ்கிருதப் பெண்ணும் ஆங்கிலப் பங்கும் சேர்ந்து ஒரு தமிழ்ச் சொல்லாக, அந்தச் சொல்லால் குறிக்கப்பட்டவரோ பெரும்பாலும் ஆண் அல்லது பால் மாறாக் குரலுள்ள சிறுவன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில், குரல் உடையும்வரை பையன்கள் சீதையாகவும் வள்ளியாகவும் தமயந்தியாகவும் இருந்தார்கள். மேடையில் சீதையாகத் தொடங்கிய சிறுவன் கணேசனுக்குப் பின்னாளில் நிலைத்த பெயர் அண்ணாவின் நாடகத்தில் போட்ட மராட்டிய மன்னன் வேடத்தால் வந்தது. பெரியார் வாயால் சிவாஜி. சுகுண விலாச சபையில் பம்மல் சம்பந்த முதலியாருக்கு இணையாகக் கதாநாயகி வேடங்களில் புகழ்பெற்றவர் ரங்கவடிவேலு. அவர் போட்ட பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட அவரோடு ஒட்டவில்லை. ஆண் வேடம் பட்டமானது. பெண் வேடம் திரை விழுந்ததும் கழன்றது. பெரும்பாலும் அதுதான் வழக்கம்.

வழக்கத்தை மீறியது அவ்வைதான். அந்தப் பால சபையில் சிறுவனாகச் சேர்ந்த டி.கே. சண்முகம், பின்னர் அண்ணன் தம்பிகளோடு டி.கே.எஸ். சகோதரர்கள் என்ற பெயரில் தமிழ்நாட்டையே ஆண்ட நாடகக்காரர். 1912இல் பிறந்த அவர் 1942இல் ஔவையார் நாடகத்தில் அவ்வையாகவே மேடையேறினார். முப்பது வயது ஆண், பல தலைமுறை கண்ட கிழவியாக. அதன் பிறகு அவர் அவ்வை சண்முகம். எத்தனையோ வேடங்கள் போட்டவருக்கு இந்த ஒன்றுதான் முன்பெயர் ஆனது. ஆணின் பெயருக்கு முன்னால் ஒரு பெண்ணின் பெயர் பட்டமாக நிற்க, அவரும் அதைப் பெருமையாகச் சுமந்தார். பிறகு சென்னையின் லாயிட்ஸ் சாலைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: அவ்வை சண்முகம் சாலை.

குஜராத்தில் இதற்கு ஓர் இணை உண்டு. ஜெய்சங்கர் போஜக் 1901இல் சிறுவனாக ‘சௌபாக்ய சுந்தரி’ நாடகத்தில் சுந்தரி வேடம் போட்டார். சாகும்வரை ஜெய்சங்கர் சுந்தரியாகவே வாழ்ந்தார். 1971இல் பத்மபூஷண் விருதும் அந்தப் பெயருக்கே வந்தது. அவர் உடுத்திய பாணியில் பம்பாய்ப் பெண்கள் சேலை உடுத்தினார்கள். மராட்டியத்தில் பால கந்தர்வனுக்கும் அதே செல்வாக்கு. அவர்கள் இளமையையும் அழகையும் நடித்துப் புகழ் பெற்றவர்கள்; பெண் எப்படி இருக்க வேண்டும் என்று பெண்ணுக்கே காட்டியவர்கள். தமிழில் ஓர் ஆணின் பெயரோடு நிலையாக ஒட்டிய பெண் வேடமோ, இளமையும் அழகும் கடந்தவளுடையது. இதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. சுந்தரி ஆவது தமிழ் ஆணுக்குக் கூச்சம், அவ்வை ஆவது கௌரவம். பாலைத் தாண்டிய பெண்மை என்று ஊர் ஒப்புக்கொண்ட வேடம் அது ஒன்றே. ஆகவே ஆண் அதற்குள் தயக்கமின்றி நுழைய முடிந்தது.

இதே காலத்தில் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்துவந்தார். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் அடியவராக நடித்தார். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அன்றைக்கு ஊர் வாயெல்லாம் பேச்சு. 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’. கணவர் கிட்டப்பாவை 1933இல் இளம் வயதிலேயே இழந்து, வெள்ளைச் சேலையும் திருநீறுமாகவே இருந்தவருக்கு அந்த வேடத்துக்கென்று தனி ஒப்பனை பெரிதாகத் தேவைப்பட்டிருக்காது. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. கைம்பெண்ணுக்குச் சமூகம் விதித்த கோலமும் அவ்வையின் கோலமும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. அந்தக் கோலத்தோடு அவர் பாடிய கம்பீரம்தான் இன்று காலண்டர்களிலும் பள்ளி அட்டைகளிலும் இருக்கும் அவ்வையின் முகத்துக்கு அடிப்படை. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அடுத்தது 1968இல் சென்னையில். அதையொட்டி மெரினாவில் அவ்வைக்குச் சிலை எழுந்தது. சிலையும் கோலூன்றிய மூதாட்டிதான்.

1996 தீபாவளிக்கு வந்த ‘அவ்வை சண்முகி’யில் பெயர் இன்னொரு சுற்று சுற்றியது. சிறுவயதில் சண்முகத்தின் குழுவில் இருந்த கமல்ஹாசன், குருவின் பெயரின் விகுதியை மாற்றித் தன் மாமி வேடத்துக்குச் சூட்டினார். சண்முகம் ஆண், சண்முகி பெண், முன்னால் நிற்கும் அவ்வை இருவருக்கும் பொது. தந்தை ஒருவன் மகளைப் பார்ப்பதற்காக நடுவயதுப் பெண் வேடத்தில் வேலைக்குச் சேரும் கதை அது. அமெரிக்கப் படமான ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ அதற்குத் தூண்டுதல். கேமரன் மலையில் இன்று ‘அவ்வை’ என்று பாதி சொன்னால் மீதியைச் ‘சண்முகி’ என்று முடிக்கிறவர்கள், சண்முகம் என்று முடிக்கிறவர்களைவிட அதிகம்.

ஆண்கள் இந்தப் பெயரை ஏற்ற இன்னொரு வழியும் இருக்கிறது, அது மேடை வழியல்ல. திண்டிவனத்துக்கு அருகே ஔவையார்குப்பம் என்றோர் ஊர். 1902இல் அங்கே பிறந்தவர் சு. துரைசாமிப் பிள்ளை, ஊர்ப்பெயரின் தலையை முன்னால் வைத்து ஔவை சு. துரைசாமி ஆனார். புறநானூறு முழுமைக்கும் உரை எழுதியவர் அவர். அதாவது அவ்வையின் முப்பத்து மூன்று புறப்பாடல்களை நமக்கு விளக்கிய பெரியவரின் பெயரிலும் அவ்வை. மகன் ஔவை நடராசன் வழியாக அது குடும்பப் பெயராகவே நின்றது.

இவ்வளவு ஆண்கள் அவ்வையானபோது பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் அவ்வையார் நோன்பு என்று ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை இரவு, ஊர் அடங்கிய பிறகு, பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். உப்பில்லாத பச்சரிசி மாவில் விதவிதமான உருவங்களில் கொழுக்கட்டை பிடித்து வேகவைப்பார்கள். மூத்தவள் ஒருத்தி அவ்வையின் கதையைச் சொல்வாள். ஆண் வாடை படக் கூடாது. ஆண் குழந்தையைக்கூட வெளியே விட்டுவிடுவார்கள். கொழுக்கட்டையை ஆண் கண்ணில் காட்டாமல் விடிவதற்குள் தின்று முடிக்க வேண்டும். கதை சொல்பவள் அந்த ஓர் இரவுக்கு அவ்வையாகிறாள். அவள் பெயர் எந்தச் சாலைக்கும் வைக்கப்படவில்லை. ஆனால் ஆண் பார்வையே இல்லாத மேடை அவளுடையது மட்டுமே. நரையும் கூனும் போடாமல் பெண் அவ்வையாக முடிந்த இடமும் அதுவே.

கேமரன் மலையின் வடக்கு எல்லையைக் கடந்து லோஜிங் பக்கம் இறங்கினால் கிளந்தான் மாநிலம். அங்கே மாக் யோங் என்ற மலாய் நாடகத்தில் அரசன் வேடம் பெண்ணுக்குரியது. பாக் யோங் என்று அந்த வேடத்துக்குப் பெயர். அரசியாக நடிப்பவளும் பெண்தான். யுனெஸ்கோ 2005இல் அதை மானுடத்தின் அரிய மரபாக அறிவித்தது. கிளந்தானிலோ 1990களிலிருந்து பொதுமேடையில் ஆடத் தடை இருந்தது. 2019இல்தான் நிபந்தனைகளோடு தளர்ந்தது. ‘மாக்’ என்றால் மலாயில் தாய். ஒரே மலைத்தொடரின் இரு பக்கத்தில், தாய் என்ற சொல்லைச் சுமந்த இரண்டு கலைப் பெயர்கள். ஒன்றில் பெண் அரசனாகிறாள், மற்றதில் ஆண் பாட்டியாகிறான். பெண் அரசனாகும் கலைக்குத்தான் தடை வந்தது.

இந்த மலைக்கும் ஓர் ஆணின் பெயர்தான். 1885இல் அளவை செய்ய வந்த வில்லியம் கேமரனின் பெயர். 1929இல் ஜே.ஏ. ரஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவம் பெற்ற மில்னோடு சேர்ந்து தொடங்கிய போ தோட்டத்துக்குச் சீனத்து பொஹியா மலையின் பெயர் என்பர். 1931இல் தாப்பாவிலிருந்து சாலை வந்தது, 1933இல் பாரத் தோட்டம் வந்தது. கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்கள் யாருடைய பெயரும் ஒரு மேட்டுக்கோ வளைவுக்கோ நிற்கவில்லை. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதக் காமன் கூத்தில் ரதியாக ஆடுவதும் ஆண்தான். நாள் முழுக்கக் கொழுந்துக்கூடை சுமந்தவள் இரவில் கூத்துப் பார்க்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்று கேமரன் மலைச் சரிவுகளில் இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம் கொழுந்து வெட்டுகிறது. பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த ஆண்கள். ஆயாக் கொட்டகைக்கு வேலை இல்லை.

பள்ளிகள் மட்டும் இருக்கின்றன. மாறுவேடப் போட்டி என்றால் அவ்வை இல்லாமல் இராது. தலையில் பஞ்சு ஒட்டி, முகத்தில் மைக்கோடுகளால் சுருக்கம் வரைந்து, அம்மாவின் வெள்ளைச் சேலையை மடித்து மடித்துச் செருகி, தன்னைவிட உயரமான கோலைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை மேடையேறும். ஏழு வயதில் கூன் போடத் தெரியாமல் முட்டியை மட்டும் மடக்கிக்கொண்டு நடக்கும். கூட்டம் கைதட்டும். எனக்கும் கைதட்டப் பிடிக்கும். அந்தப் பிள்ளை ஆத்திசூடியைத் தடங்கலின்றிச் சொல்லும்போது இந்த மொழி இந்த மலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்ற நிறைவு வருகிறது.

ஆனால் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளை மேடைக்கு அனுப்பும்போது மற்ற அவ்வையையும் அனுப்புங்கள். தொண்டைமானின் படைக்கொட்டிலில் நின்று பேசியவரை. பஞ்சு வேண்டாம், கோல் வேண்டாம், முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும். ஒப்பனைக்கு என்ன செய்வது என்று கேட்டால் புறநானூற்றிலேயே குறிப்பு இருக்கிறது: அணிகலன்கள் பூட்டி, கண்ணுக்கு மை தீட்டிவிட்டால் போதும்.